நியூயார்க்ல 6 வீட்டு பில்டிங், சொத்து வரி ஏறுறதுக்கு லிமிட் இருக்கா?

கேள்வி: சிட்டிக்குள்ள 6 வீடு இருக்கிற வாடகை பில்டிங் வச்சிருக்கேன், ஜனவரில வந்த நோட்டீஸ்ல மதிப்ப ஏத்திட்டாங்க, இதுக்கு லிமிட் எதுவும் இருக்கா இல்ல அவங்க இஷ்டம்தானா?

பதில் 1: இருக்கு சார். உங்களுது கிளாஸ் 2 (சொத்து வரில வாடகை அபார்ட்மென்ட் பில்டிங் வர்ற பிரிவு), ஆனா 11 வீட்டுக்கு கீழங்கறதால அசெஸ்டு வேல்யூ (வரி போட எடுத்துக்கற மதிப்பு) வருஷத்துக்கு 8%, 5 வருஷத்துல 30%க்கு மேல ஏத்த முடியாது. புதுசா மாடி கிடி கட்டிருந்தா மட்டும் அந்த கூடுதலுக்கு லிமிட் கிடையாது.

பதில் 2: அப்பீல்னா மார்ச் 1க்குள்ள டாக்ஸ் கமிஷனுக்கு (சொத்து மதிப்பு அப்பீல பாக்குற சிட்டி அமைப்பு) போய் சேந்திருக்கணும், அன்னிக்கு தபால்ல போட்டேன்னு சொன்னா எடுக்க மாட்டாங்க.

கேட்டவர்: மாடி எதுவும் கட்டல, அப்ப 8% தாண்டிருக்கான்னு பாத்துடறேன்.