தங்கை மகனின் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திட எனக்கு வழி உண்டா?

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். தங்கை இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து அவள் மகனை நான்தான் வளர்க்கிறேன். இப்போது வயது ஏழு. அவன் அப்பா கொல்லம் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனவர். பதினான்கு மாதங்களாகத் தொடர்பில் இல்லை.

பையனுக்கு மூக்கின் பின்புறம் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறது. இரவில் வாயைத் திறந்தபடி குறட்டை விடுவான். திடீரென மூச்சு நின்று, திணறி எழுவான். நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்துக்கொண்டே பல இரவுகளைக் கழித்துவிட்டேன். அறுவை சிகிச்சை தேவை என்கிறார்கள். ஆனால் மருத்துவமனையில் அப்பாவின் கையெழுத்து அல்லது நீதிமன்ற உத்தரவு கேட்கிறார்கள். சோறூட்டுவதும் பள்ளிக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. இந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் நான் யாரோ. மனம் ஆறவில்லை.

அவன் அப்பாவுக்கு அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. நோட்டரி கையொப்பத்துடன் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன், ஏற்கவில்லை. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இது பலருக்குத் தெரிவதில்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் என்னைப் பையனின் சட்டப்படியான காப்பாளராக நியமிக்கக் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம் என்றார் வழக்கறிஞர். அப்பாவுக்கு நோட்டீஸ் சேர வேண்டும் என்பதால் மாதக்கணக்கில் இழுக்குமாம். பையனால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

இறுதி உத்தரவுக்கு முன்பே இடைக்கால உத்தரவு வாங்கி, குழந்தையின் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திட்டவர்கள் இருந்தால், மனுவோடு என்னென்ன ஆவணங்கள் வைத்தீர்கள் என்று சொல்ல முடியுமா?