மாதச் சந்தா கட்டுவதா, இலவச மென்பொருளுக்கு மாறுவதா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே கல்யாண அட்டை, தோட்டத்துக் கோயில் திருவிழா பேனர் எல்லாம் செய்து கொடுக்கிறேன். 2012இல் வந்த அடோபி சிஎஸ்6 வடிவமைப்பு மென்பொருளை ஒரே தடவை காசு கட்டி வாங்கி, இத்தனை வருஷம் அதிலேயே வேலை பார்த்தேன். போன மாதம் மடிக்கணினி படுத்துவிட்டது.

சிஎஸ்6க்குப் பிறகு அந்த வரிசையில் வந்ததெல்லாம் சந்தாதான். ஆடி மாதம் ஆர்டர் குவியும். மற்ற மாதங்களில் இரண்டு அட்டை வந்தாலே பெரிது. வேலை இல்லாத மாதமும் வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டுமே என்றுதான் தயங்குகிறேன்.

கேன்வா நிறுவனத்தின் அஃபினிட்டி வடிவமைப்பு மென்பொருள் 2025 அக்டோபரிலிருந்து இலவசம். அதில் தமிழ் தட்டினால் 'கொ', 'கௌ' எழுத்துகளின் கொம்பு இடம் மாறாமல் வருகிறதா? இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும் இலவசம்தான், ஆனால் எங்கள் பேனர் கடைக்காரர் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர் கோப்புதான் கேட்கிறார். பிடிஎஃப் கொடுத்து அச்சடித்தவர்கள் யாராவது இருந்தால், நிறம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள்.