அப்டேட்: பேரு வெச்சாச்சு, வேலை பத்தியும் சொல்றேன்

போன தடவை ரெண்டு விஷயம் புலம்பியிருந்தேன்ல, சின்னவளுக்கு பேரு முடிவாகல, லீவு முடிஞ்சு போனா என் வேலை அப்படியே இருக்குமான்னு பயம்னு.

பேரு யாழினி. ழ வர்ற பேருதான் வேணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ஆனா இங்கிலீஷ்ல இசட் எச் போட்டு எழுதணுமே, எல்லாரும் தப்பா கூப்பிடுவாங்களேன்னு குழம்பிட்டே இருந்தேன், கடைசில பெரியவன்தான் முடிவு பண்ணான். அவனுக்கே இன்னும் ழ வராது. தொட்டில் கம்பிய புடிச்சுக்கிட்டு "யாயினி, யாயினி"ன்னு கூப்பிட்டான், அவ கால உதைக்கறத நிறுத்திட்டு அவன் பக்கம் திரும்பினா பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அஞ்சு மாசம்தான் ஆகுது!

வேலைதான் இன்னும் இழுபறி. டீமையே மாத்திட்டாங்க, நான் பாத்த ரெண்டு கிளையண்டும் இப்ப வேற ஆள்கிட்ட. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 183-வது ஒப்பந்தத்துல (2000-ல வந்தது) பிரசவ லீவு முடிஞ்சு வர்றவங்களுக்கு அதே வேலை, இல்லனா அதே சம்பளத்துல சமமான வேலைன்னு தெளிவா இருக்கு. எல்லா நாடும் ஏத்துக்கல, ஆனாலும் நான் கேக்கறது நியாயம்தான்னு ஒரு தைரியம் வந்துச்சு. என் பொறுப்பு என்னன்னு எழுத்துல கேட்டு எச்ஆருக்கு மெயில் போட்டுட்டேன். திங்கக்கிழமை மீட்டிங்.