காப்பி மண்டியை ரோஜாத் தொட்டியில் அப்படியே போடலாமா?

கேள்வி (நாகர்கோவில், மாடித்தோட்டம்):
தினமும் பில்டரில் ஒரு டம்ளர் மண்டி மிஞ்சுது. பத்து நாளா ரோஜா, பிச்சி, கறிவேப்பிலைத் தொட்டிகள்ல அப்படியே போட்டுட்டு வர்றேன். இப்போ மேலே வெள்ளையா பூசணம். தண்ணி ஊத்தினா உள்ளே இறங்காம ஓரமா வழியுது. மண்டி புளிப்பு, ரோஜாவுக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நிறுத்தவா? வீட்டுல வேற எதுக்கு ஆகும்?

பதில் 1 (தக்கலை):
பூசணத்துக்குப் பயப்பட வேண்டாம், அது மண்டியை மட்க வைக்கிற பூஞ்சை. கெடுதல் மேலே இறுகின ஓட்டாலதான். பில்டர் தூள் ரொம்ப நைஸ். கனமாப் போட்டா காய்ஞ்சதும் வறட்டி மாதிரி ஆகி, தண்ணியையும் காத்தையும் தடுத்துடும். அந்த இறுகின அடுக்கை இன்னைக்கே பெயர்த்து எடுத்துட்டு, மேல்மண்ணை ஒரு அங்குலம் கிளறி விடுங்க. வேர் அறுபடாம பார்த்து.

புளிப்புங்கிறது பாதிதான் சரி. அமிலத்துல பெரும்பங்கு டிகாக்ஷனோட இறங்கிடும். மிஞ்சின மண்டியோட பிஎச் (புளிப்பு அளவு, 7-னா நடுநிலை) பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் நடுவுல நிக்கும். நம்ம குமரி மாவட்ட மேற்குப் பக்கச் செம்மண் ஏற்கெனவே அமிலம், அதுக்கு மண்டி மருந்தில்லை. தழைச்சத்து சுமார் 2 சதவீதம் உண்டு, ஆனா உடனே கிடைக்காது. பச்சை மண்டியைச் சிதைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கும். இலை வெளிறினா அதுவும் காரணமா இருக்கலாம். கீரை, வெண்டை விதைச்ச தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க, முளைப்பு கெடும்.

பதில் 2 (குலசேகரம்):
மட்க வெச்சுப் போடுங்க. 20 லிட்டர் பெயின்ட் வாளி, அடியில பத்து ஓட்டை, பக்கவாட்டுல ரெண்டு வரிசை. அடியில கதம்பை (தேங்காய் உரிமட்டை) துண்டு நாலு விரல் உயரம். அதுக்கு மேல மண்டி ஒரு பங்கு, காய்கறித் தோல் ஒரு பங்கு, சருகு மூணு பங்கு. அளவு டம்ளரால, எடையால இல்லை. மொத்தத்துல மண்டி அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ரப்பர் மரம் இலை உதிர்க்கிற மாசங்கள்ல ரெண்டு சாக்கு சருகு பிடிச்சு வெச்சா வருசம் ஓடும்.

அஞ்சு நாளைக்கு ஒரு தடவை கிளறணும். கைப்பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. அழுகல் நாத்தம்னா தண்ணி கூடிப்போச்சு. மூக்கைத் துளைக்கிற காரவாடைன்னா மண்டி கூடிப்போச்சு. ரெண்டுக்கும் சருகுதான் வைத்தியம். ஆனி ஆடி மழையில மூடி கட்டாயம். ரெண்டு ரெண்டரை மாசத்துல மண் வாசம் வரும். அப்புறம் 12 அங்குலத் தொட்டிக்கு மாசம் ரெண்டு கைப்பிடி.

கேட்டவர்:
சக்கைன்னு எழுதாம மண்டின்னு எழுதினது நல்லதாப் போச்சு, நம்ம ஊர்ல சக்கைன்னா பலா, இல்லைன்னா பலாச்சக்கையைப் பத்திப் பதில் வந்திருக்கும். கருப்பட்டிக் காப்பி அடியில தங்குற மண்டியும் ஆகுமா?

பதில் 2:
ஆகும், ஒரு தடவை தண்ணியில அலசிட்டு. இனிப்பு ஒட்டியிருந்தா எறும்பு வாளியிலயே குடியேறும். பால் கலந்தது வேண்டாம்.

பதில் 3 (குளச்சல்):
வீட்டு உபயோகம்: சாளை மீன் கழுவின கைக்கு ஒரு ஸ்பூன் மண்டியும் நாலு சொட்டு எலுமிச்சையும் போட்டுத் தேய்ங்க, வாடை நல்லாக் குறையும். எவர்சில்வர் அடிப்பிடிச்சாலும் தேய்க்கலாம். மண்சட்டி, நான்ஸ்டிக், வெள்ளைக் கல் மேடைக்கு ஆகாது: மண்சட்டி வாடையை இழுத்துக்கும், நான்ஸ்டிக் பூச்சு கீறும், வெள்ளைக் கல்லுல கறை பிடிக்கும்.

பிரிட்ஜ் வாடைக்கு ஒரு கிண்ணத்துல வைக்கலாம், மொறுமொறுன்னு காய்ஞ்சிருந்தா மட்டும். ஈரத்தோட வெச்சா சில நாள்லயே பூசணம். மழைக்காலத்துல தோசைக்கல்லுல சிறுதீயில வறுத்து ஆற வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்க மாத்தணும்.

சிங்க்ல மட்டும் கொட்டாதீங்க. தேங்காயெண்ணெய்ப் பிசுக்கோட சேர்ந்து குழாய் வளைவுல சிமென்ட் மாதிரி படியும். நாய் வளர்த்தா வாளிக்கு மூடி அவசியம், காபீன் அதுக்கு விஷம்.