தங்கூசி வலைக்காரரின் மகளுக்குக் கடலைப் பாதுகாப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வாவிக்கரை ரீச்சர் (கேள்வி):

பெரியகல்லாற்றுக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் தரம் 7, 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சுற்றாடல் முன்னோடிக் குழுவும் என் தலையில்தான். செப்டெம்பரில் கரையோரத் துப்புரவு நாள் வந்தால் பதாகை, தொப்பி, கையுறை, படம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பொறுக்கிய சாக்குகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு வருவோம். அடுத்த திங்கட்கிழமை அதே இடத்தில் அதே யோகட் கோப்பைகள். பதாகையும் பிளாஸ்டிக்தானே என்று ஒரு பொடியன் போன வருடம் கேட்டான். இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனால் என் கேள்வி குப்பை பற்றியதல்ல. போன கிழமை தடைசெய்யப்பட்ட மீன்பிடி முறைகளைப் படிப்பித்தேன். டைனமைட், 2017இல் சட்டமாகத் தடைசெய்த இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை), தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழையில் பின்னியது) என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் மேசையருகே நின்றாள். “ரீச்சர், எங்கள் அப்பாவுடைய வலையும் தங்கூசிதான். பொலிஸில் சொல்லிவிடுவீர்களா?” என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கடல் என்ற சொல்லை எடுக்கவே கூச்சமாக இருக்கிறது. பாடத்தை விடவும் முடியாது, பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராக நிறுத்தவும் முடியாது. இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சம்மாட்டி மகன்:

ரீச்சர், நான் கரைவலை இழுத்த குடும்பத்தில் பிறந்தவன். ஆசைப்பட்டுத் தங்கூசி வாங்குகிறவன் எவனும் இல்லை. விலை மலிவு, தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது, கடனோடு இருப்பவனுக்கு நாளைக்கே மீன் வேண்டும். கடலடிப் பாறையான பாரில் சிக்கினால் அறுந்துவிடும், அறுந்தது உக்காது. ஆள் இல்லாமலே கடலுக்கடியில் கிடந்து மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த மீன் அழுக, அதைத் தின்ன வருகிற நண்டும் அதிலேயே மாட்டும். அறுந்த வலை எங்கே கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், வெளியில் சொல்வதில்லை.

நீங்கள் சட்டத்தில் தொடங்கியதுதான் பிழை. எங்கள் வீடுகளில் சட்டம் எடுபடாது, கணக்கு எடுபடும். சின்னக் கண், பெரிய கண் என்று இரண்டு துண்டு வலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். களிமண்ணில் பல அளவில் மணலை மீன் செய்யச் சொல்லுங்கள். எது தப்புகிறது, எது மாட்டுகிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். பிறகு சந்தை விலையைக் கேளுங்கள்: விரலளவு மணலை ஒரு கூறு என்ன விலை, முழங்கை அளவானது ஒன்று என்ன விலை? முட்டை நண்டையும் விடாதீர்கள். ஒன்றின் வயிற்றில் இலட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அதைத் திரும்ப விடுகிற ஆட்கள் எங்களிலும் இருக்கிறார்கள், ஊரில் அவர்களைப் பைத்தியம் என்பார்கள்.

அந்தப் பிள்ளையின் தகப்பனையே பாடசாலைக்குக் கூப்பிடுங்கள். குற்றவாளியாக அல்ல, கிழிந்த வலையைப் பொத்தச் சொல்லிக்கொடுப்பவராக.

மருதமுனை உம்மா:

தங்கச்சி, மரம் நடுகிற விழா என்று யாராவது வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டில் நட்ட கண்ணா (சதுப்புநில மரம்) கன்றுகளில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. இடம் பார்க்காமல் நட்டதுதான் முக்கியக் காரணம். வாவியோரம் தானாக முளைத்து நிற்கிற கண்ணாவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இறால் குஞ்சு வளர்வது அந்த வேருக்குள்தான். விறகுக்கு வெட்டாமல் விட்டாலே பெரிய உபகாரம்.

கடல் பக்கம் அடம்பன் கொடி. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று என் உம்மா எங்களைச் சண்டை பிடிக்காமல் இருக்கச் சொல்லுவார். கரையில் மணலைக் கட்டிப் பிடித்திருப்பதும் அதே கொடிதான் என்று எனக்கு விளங்கியது வெகு காலம் கழித்து. ஒரு தென்னையை அடையாளம் வைத்து, அதிலிருந்து அலை ஏறுகிற கோடு வரை மாதம் ஒருமுறை பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். மாரியில் வாடைக்காற்று கரையை எவ்வளவு தின்கிறது, கச்சான் காற்றுக் காலத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அவர்களே எழுதட்டும்.

படுவான்கரையான்:

எல்லாம் கடல் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளைகளின் தலையில்தானா? வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை வயலில் அடிக்கும் மருந்தும் போடும் உரமும் மழையோடு வாவிக்குத்தான் வருகின்றன. ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வாவியில் அப்படி மண்டுவதற்கு வலைக்காரனா காரணம்? எங்கள் பாடசாலைகளுக்கும் இந்தப் பாடம் வரட்டும். தங்கூசிக்காரரின் மகளோடு மருந்தடிக்கிறவரின் மகனும் கூட உட்காரட்டும்.

பொத்துவில் பொடியன்:

நான் தரம் 9இல் படித்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் இரவில் கடலாமை முட்டையிடுவதைக் காட்டினார். வெளிச்சம் அடிக்காமல், பேசாமல் மணலில் படுத்துக் கிடந்தோம். ஐம்பது, அறுபது நாளில் குஞ்சு வரும் என்றார். நாட்காட்டியில் குறித்து வைத்து எண்ணினோம். இலங்கைக்கு ஐந்து வகை ஆமை வருகிறது, எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை என்பதெல்லாம் பிறகுதான் படித்தேன். ஆமை முட்டை சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த இரவுக்குப் பிறகு சாப்பிடவில்லை, பெத்தா (பாட்டி) மட்டும் இன்றைக்கும் கேலி பண்ணுவார்.

வாவிக்கரை ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மருதமுனை ராத்தா, அளவு நாடா வாங்கிவிட்டேன். தென்னைதான் கிடைக்கவில்லை, தேவாலய மதிலை அடையாளமாக வைக்கிறோம். படுவான்கரை அண்ணன் சொன்னது சரி. அக்கரையில் ஒரு விஞ்ஞான ஆசிரியையைத் தெரியும், கதைக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தகப்பன் வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். முதலில் முகம் கொடுக்கவில்லை. வலை பொத்தச் சொல்லிக்கொடுக்க வருவீர்களா என்று கேட்டதும் நெடுநேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறாராம். ஆனால் ஒலிவாங்கி தரக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, அதிபர் பேசக்கூடாது. முதல் இரண்டும் என் கையில் இருக்கின்றன. மூன்றாவதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?