புருனேயில் மதம் அன்றாடத்தில் எப்படித் தென்பட்டது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காடோங் கணக்கர்:
வேலைக்காக தலைநகர் பந்தர் செரி பெகவானில் இருந்தவன் நான். புதிதாக வருகிறவர்கள் முதலில் திணறுவது வெள்ளிக்கிழமை மதியம்தான். ஜும்ஆ தொழுகைக்காக 12 மணி முதல் 2 மணி வரை கடைகளும் உணவகங்களும் மூடியாக வேண்டும். வெறும் வழக்கம் இல்லை, சட்டம். நான் சாப்பிடும் தமிழ் முஸ்லிம் கடையில் பதினொன்றரைக்கே மாஸ்டர் பரோட்டாக் கல்லை அணைத்துவிடுவார். "இனிமே பார்சல்தான் தம்பி, சீக்கிரம் சொல்லுங்க." அப்புறம் கல்லாவில் இருப்பவர் முதல் தட்டு கழுவும் பையன் வரை ஒளு செய்து (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி), தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தெருவில் ஈ காக்கை இருக்காது. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் லீவு, நடுவில் சனிக்கிழமை வேலை. இந்தக் கணக்கை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.

ஊர்சுற்றி:
எனக்கு விமானத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ராயல் புருனேயில் புறப்படும் முன் திரையில் பயண துஆ, அதாவது பிரார்த்தனை, வரும். மது கிடையாது. நாட்டுக்குள்ளும் 1991 முதல் விற்பனை இல்லை. முஸ்லிம் அல்லாத பயணி 2 பாட்டில் மது, 12 கேன் பீர் கொண்டுவரலாம். சுங்கத்தில் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே காட்டாமல் குடிக்க வேண்டும். ஜாமி அஸ்ர் மசூதிக்குப் போனேன். இப்போதைய சுல்தான் ஹசனல் போல்கியா 29-ஆவது சுல்தான் என்பதால் அதற்கு 29 தங்கக் குவிமாடங்கள். வாசலில் கறுப்பு அங்கி கொடுத்தார்கள். தையல்காரர் மாதிரி ஆளைப் பார்த்ததுமே அளவைக் கணித்து எடுத்து நீட்டினார் அந்தப் பெரியவர், கச்சிதமாக இருந்தது.

பழைய டீச்சர்:
நோன்புப் பெருநாளை யாரும் சொல்லவில்லையே! பெருநாளை ஒட்டி மூன்று நாள் இஸ்தானா நூருல் ஈமான் அரண்மனையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். எந்த மதம், எந்த நாடு என்று கேட்பதில்லை. முதலில் வயிறு நிறையச் சாப்பாடு, அப்புறம் நீண்ட வரிசை. ஆண்கள் சுல்தானிடமும் இளவரசர்களிடமும் கைகுலுக்குவார்கள், பெண்கள் ராணியிடம். என் முறை வந்தபோது எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்த மலாய் வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு கேக் டப்பா.

பள்ளியில் 'மெலாயு இஸ்லாம் பெராஜா' என்று ஒரு பாடமே உண்டு. மலாய்ப் பண்பாடு, இஸ்லாம், முடியாட்சி மூன்றும் ஒன்று என்ற கொள்கை, 1984-இல் விடுதலை பெற்றபோது அறிவித்தது. அரசர்தான் பிரதமர், மதத்துக்கும் அவரே தலைவர். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

மிரி வாசி:
சரி, கேக் டப்பா இனிப்புதான். ஆனால் 2019 ஏப்ரலில் ஷரீஆ (இஸ்லாமிய) தண்டனைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்ததையும் சொல்லுங்கள். கல்லெறிந்து கொல்வதும் கை வெட்டுவதும் அதில் எழுதியிருக்கிறது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும், மரண தண்டனையை நிறைவேற்றப் போவதில்லை என்று அடுத்த மாதமே சுல்தான் அறிவித்தார். சட்டம் மட்டும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. பொது இடத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கவும் முடியாது. எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கிறேன். வார விடுமுறையில் புருனே கார்கள் இங்கே வரிசை கட்டும். எல்லோரும் காய்கறி வாங்க வருவதாக நினைக்க வேண்டாம்.

புதியவர்:
ரமலானில் சின்னக் குழந்தைகளோடு வருகிறோம். பகலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காடோங் கணக்கர்:
கடையில் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள், பார்சல் கிடைக்கும். அறையில் வைத்துச் சாப்பிடுங்கள். சாயங்காலம் ரமலான் கடைகளுக்குப் போங்கள், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே. பிந்தினால் நல்ல அயிட்டம் எதுவும் மிஞ்சாது.