ஒயின் ஆலைக்குத் திராட்சை கொடுக்கலாமா?

பந்தல் வீட்டுப் பிள்ளை:
அஸ்ஸலாமு அலைக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அறுப்புக்கு நிற்கிற நேரத்தில் மூன்று நாள் மழை. மெல்லிய தோல் பழம், கொத்துக் கொத்தாக வெடித்துவிட்டது. பந்தலுக்குள் குனிந்து நுழைந்தாலே புளித்த வாடை. கேரளா வியாபாரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இன்னொரு புரோக்கர் வெடித்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எங்கே போகிறது என்று அத்தா கேட்டதும் ஒயின் ஆலைக்கு என்று மறைக்காமல் சொல்லிவிட்டார். அத்தா வேண்டாம் என்கிறார். மாமுவோ, "நாம ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), நமக்குக் கூடும்" என்கிறார். உரக்கடையில் பாக்கி நிற்கிறது. என்ன செய்வது?

உத்தமபாளையத்தான்:
வ அலைக்கும் ஸலாம் தம்பி. உங்கள் மாமு இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மது காய்ச்சுவான் என்று தெரிந்த ஆளுக்கே பழச்சாறு விற்றாலும் குற்றமில்லை என்று ஹனஃபி சட்ட நூலான ஹிதாயாவில் இருக்கிறது. பாவம் சாற்றில் இல்லை, அவன் அதை மாற்றிய பிறகுதான் வருகிறது. அதே மத்ஹபில் கலகக் காலத்தில் கலகக்காரனுக்கு ஆயுதம் விற்பது கூடாது. கத்தி எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே வெட்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கடன்பட்ட விவசாயியை ஹராம் (தடுக்கப்பட்டது) என்று பயமுறுத்துவது தப்பு.

கீழக்கரை ஷாஃபி:
காக்கா, "பாவத்திலும் பகைமையிலும் உதவிக்கொள்ளாதீர்கள்" என்று குர்ஆன் (5:2) சொல்கிறதே. திர்மிதி தொகுப்பில் வரும் ஹதீஸில் (நபிமொழியில்) மது விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்படுகிறார்கள். குடிப்பவர் மட்டுமல்ல, பிழிபவரும் சுமப்பவரும் அதில் இருக்கிறார்கள். எங்கள் ஷாஃபி மத்ஹபில் வெறும் சந்தேகம் என்றால் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), உறுதியாகத் தெரிந்தால் ஹராம். இங்கே வாங்குகிறவரே வாயால் சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்?

உத்தமபாளையத்தான்:
அந்தப் பத்தில் பயிரிட்டவர் எங்கே இருக்கிறார்? விற்பவர் என்றால் மதுவை விற்பவர். நபித்தோழர் உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்), ஆண்கள் உடுத்தக் கூடாத பட்டாடையைக் கொடுத்துவிட்டு, "நீர் உடுத்துவதற்காகத் தரவில்லை" என்றார்கள். அவரும் அதை மக்காவில் இருந்த, இஸ்லாத்தை ஏற்காத சகோதரருக்குக் கொடுத்தார். வாங்கியவர் அதை என்ன செய்வார் என்பது கொடுத்தவர் மேல் வரவில்லையே.

கீழக்கரை ஷாஃபி:
பட்டு பெண்களுக்கு ஹலால், விற்றுக் காசாக்கலாம். ஒயின் ஆலைக்குள் போன பழத்துக்கு வேறு என்ன வழி இருக்கிறது? நஸாயீ ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி வருகிறது. நபித்தோழர் ஸஅத் (ரலி) அவர்களின் திராட்சைத் தோட்டக் காவலர், "பழம் வீணாகிவிடும் போல, பிழிந்துவிடவா?" என்று எழுதிக் கேட்டார். கடிதம் கிடைத்ததும் தோட்டத்தை விட்டுப் போய்விடு என்று பதில் எழுதினார்கள். தம்பியின் நிலைமையும் இதேதான். பழம் வீணாகிறது என்ற பயம்.

மளிகைக்கடை பாய்:
என் கடைக்கு நாலு கடை தள்ளி டாஸ்மாக். ராத்திரி ஒருவர் வந்து இரண்டு பேப்பர் கப், ஒரு தண்ணீர் பாட்டில், ஐந்து ரூபாய் ஊறுகாய் கேட்டால், எதற்கு என்று நான் விசாரிக்க வேண்டியதே இல்லை. கப்பைச் சில்லறையாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், முழு பாக்கெட் மட்டும்தான். ஊறுகாயை எப்படி நிறுத்துவது? அதே பாக்கெட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் கஞ்சிக்கு வாங்குகிறதே. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லை.

உத்தமபாளையத்தான்:
பாய், ஊறுகாய்க்கு யாரும் தடை சொல்லவில்லை. தம்பி, கூடும் என்றால் செய்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. அத்தா பேணுதலுக்காக (சந்தேகமானதை விட்டு விலகுவதற்காக) விட்டால் அது அவருக்கு நன்மை. மாமுவைப் பாவி என்று மட்டும் பேசிவிடாதீர்கள்.

பந்தல் வீட்டுப் பிள்ளை:
மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து அத்தா கத்தரியை எடுத்துவிட்டார். வெடிக்காத கொத்தெல்லாம் தனியாக வெட்டினோம், பதினெட்டுப் பெட்டி தேறியது. கம்பத்தில் ஜூஸ் கடைகளுக்குப் போகிறது. மீதி எருக்குழிக்கு. மாமு கோபத்தில் வரவே இல்லை. நாளைக்கு உரக்கடையில் தவணை கேட்கப் போகிறேன், துஆ செய்யுங்கள்.